100ஐத் தொட்டால் ஸ்டீயரிங் ஆடுகிறது, டிஸ்க்கை மாற்றட்டுமா?

கேள்வி, 12 ஜனவரி

"கார் 90 வரை வெண்ணெய் மாதிரி போகிறது. 95ல் ஸ்டீயரிங் லேசாக நடுங்கத் தொடங்கி, 105ல் கை மரத்துப்போகிற அளவுக்கு ஆடி, 115ஐத் தாண்டினால் தானாக அடங்கிவிடுகிறது. அலைன்மெண்ட் இரண்டு தடவை, பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்துவது) ஒரு தடவை செய்தாகிவிட்டது. மெக்கானிக் முன்பக்க டிஸ்க் இரண்டையும் மாற்றச் சொல்கிறார், அதிலும் நிற்கவில்லை என்றால் ஷாக் அப்சார்பராம். 41,000 கி.மீ. ஓடிய கார். மாற்றட்டுமா?"

12 ஜனவரி, இரவு 9.40

மாற்றாதீர்கள். முதலில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: பிரேக்கைத் தொடாமலே ஆடுகிறதா, தொட்டால்தான் ஆடுகிறதா? தொடாமலே ஆடினால் டிஸ்க்குக்கும் (பிரேக் பிடிக்கும் வட்டத் தகடு) இதற்கும் அநேகமாகச் சம்பந்தமில்லை. டிஸ்க் கோளாறு என்றால் நல்ல வேகத்தில் பிரேக்கை மிதமாக அழுத்தும்போது ஸ்டீயரிங் உதறும், பெடல் காலுக்கடியில் துடிக்கும், காலை எடுத்ததும் நின்றுவிடும். நீங்கள் எழுதியதில் பிரேக் என்ற சொல்லே இல்லை.

அப்புறம் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம். அது சரியில்லை என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், டயர் ஓரம் தேயும். ஆனால் நடுக்கம் என்பது சுற்றுகிற ஏதோ ஒன்று ஒவ்வொரு சுற்றுக்கும் உதைப்பதால் வருவது. சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதால் அது வராது. ஆடுது என்று போனால் முதலில் அலைன்மெண்ட் மேடையில் ஏற்றுவது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மேடை காலியாக இருக்கிறது என்பதால் இருக்கலாம்.

12 ஜனவரி, இரவு 10.15

115ல் ஏன் அடங்குகிறது என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் துப்பே அதில்தான் இருக்கிறது. 195/65 ஆர்15 டயர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். 100 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 27.8 மீட்டர், அதாவது சக்கரம் நொடிக்கு 14 தடவை சுற்றுகிறது. சக்கரம், அது மாட்டியிருக்கும் ஹப், சஸ்பென்ஷன் எல்லாம் சேர்ந்த கூட்டத்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் தனக்கென்று ஒரு ஆட்டத் தாளம் உண்டு. பெரும்பாலான கார்களில் அது நொடிக்கு 10லிருந்து 15க்குள் எங்கோ இருக்கும். ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னப் பிள்ளை தள்ளினாலும் உயரப் போகும், நேரம் தப்பித் தள்ளினால் நம் கைதான் வலிக்கும். உங்கள் காரில் 95லிருந்து 110 வரை தள்ளலும் ஊஞ்சலும் ஒன்றாகச் சேர்கின்றன. 115ல் உதை நிற்கவில்லை, இன்னும் பலமாகத்தான் விழுகிறது. தாளம் தப்பிவிட்டதால் உங்கள் கைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். பியரிங்கும் ஜாயிண்டும் வாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆகவே 120ல் ஓட்டுவது தீர்வு ஆகாது (இதைச் சொல்லக் காரணம், ஒரு காலத்தில் நானே அப்படி ஓட்டியவன்).

13 ஜனவரி, காலை 7

கேட்டவர் பதில் போட்டிருக்கிறார். பிரேக் தொடாமலே ஆடுகிறது. ஸ்டீயரிங்கில் நன்றாகத் தெரிகிறது, சீட்டில் லேசாக.

அப்படியென்றால் முன்சக்கரம். ஸ்டீயரிங் ஆடினால் முன்னால், சீட்டும் தரையும் ஆடினால் பின்னால். ஜாக்கி, ஸ்டாண்டு இருந்தால் முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டு அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். டயரில் சுழலும் திசைக்கான அம்புக்குறி இருந்தால் இடப்பக்கத்தது இடப்பக்கமே இருக்கட்டும். ஆட்டம் ஸ்டீயரிங்கிலிருந்து சீட்டுக்கு இடம் மாறினால் கோளாறு சக்கரத்தோடு போகிறது. மாறாமல் அதே இடத்தில் நின்றால் ஹப், பியரிங், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் பக்கம் பார்க்க வேண்டும். காசு செலவில்லாத சோதனை. முதுகு வலி மட்டும் மிச்சம்.

13 ஜனவரி, மதியம்

இன்னொரு சோதனையைச் சொல்ல மறந்துவிட்டேன். காலியான நேர்ச் சாலையில், நடுக்கம் உச்சத்தில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டு நியூட்ரலுக்குப் போங்கள். இஞ்சினை அணைக்கக் கூடாது. அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் உதவி போய்விடும், சாவி என்றால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். நியூட்ரலிலும் அதே வேகத்தில் அதே ஆட்டம் என்றால் டயர், ரிம், ஹப். சட்டென்று நின்றுவிட்டால் இஞ்சினைத் தாங்கும் மவுண்ட், கிளட்ச் பக்கம் அல்லது சுமை ஏறினால் மட்டும் குதிக்கிற சிவி ஜாயிண்ட் (டிரைவ் ஷாஃப்டின் மடங்கும் மூட்டு).

முன்சக்கர இழுவைக் காரில் மிதித்து முடுக்கும்போது மட்டும் முன்பகுதி இடம் வலமாக உலுப்பி, காலை எடுத்ததும் நின்றால், உள்பக்க சிவி ஜாயிண்டைச் சந்தேகப்படலாம். அதற்குள் மூன்று உருளைகள் ஓடும் பள்ளங்கள் தேய்ந்திருக்கும். இது உங்களுடையது இல்லை என்று தோன்றுகிறது, ஆனாலும் சோதித்துவிடுங்கள்.

14 ஜனவரி, இரவு

என் கதையைச் சொல்லாமல் இவ்வளவு உபதேசம் செய்வது நியாயமில்லை.

மூன்று வருடம் முன்பு எனக்கும் இதே வியாதி. 100ல் நடுக்கம். நான் என்ன செய்தேன்? ஆட்டத்தை ஒரு வார்த்தை விசாரிக்காமல் உதிரிபாகம் மாற்ற ஆரம்பித்தேன். இரண்டு லோயர் ஆர்ம் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கை). நிற்கவில்லை. இரண்டு டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு). கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, செலவு செய்த மனசு அப்படித்தான் சொல்லும். அப்புறம் ஒரு இஞ்சின் மவுண்ட், அது எதற்கென்று இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. கடைசியில் பஞ்சர் ஒட்ட ஒரு சக்கரத்தைக் கழற்றித் தரையில் குப்புறப் போட்டபோதுதான் பார்த்தேன். ரிம்மின் உள்பக்கத்தில், ஸ்போக்குகளுக்குப் பின்னால், ஒரு கை அகலத்துக்குச் சேறு காய்ந்து சிமெண்ட் மாதிரி ஒட்டியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ரிம் பளபள. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினேன், ஒரே வில்லையாகப் பெயர்ந்து கையில் விழுந்தது, ரிம்மின் வளைவு அதில் அச்சாகப் பதிந்திருந்தது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 70 கிராம்.

70 கிராம்தானே என்று தோன்றும். நொடிக்கு 14 சுற்று, மையத்திலிருந்து சுமார் 18 செ.மீ. தூரம் என்று கணக்குப் போட்டால் அந்த வில்லை சக்கரத்தை வெளியே இழுக்கும் விசை கிட்டத்தட்ட 10 கிலோ. ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒரு இழுப்பு, கீழே ஒரு இழுப்பு. 50 கி.மீ. வேகத்தில் அதுவே இரண்டரைக் கிலோதான், ஏனென்றால் வேகம் பாதியானால் விசை கால்பங்காகிறது. அதனால்தான் ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை.

சேற்றைச் சுரண்டியதும் ஆட்டம் போச்சு. மெக்கானிக்கிடம் சொல்லவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது.

14 ஜனவரி, இரவு (இன்னும் தூக்கம் வரவில்லை)

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன், டை ராட் எண்டைக் கொஞ்சம் கேவலமாகப் பேசிவிட்டேன். கழற்றியதைக் கையில் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடியது, அது உண்மை. தேய்ந்த ஜாயிண்ட் நடுக்கத்தை உண்டாக்காது, ஆனால் இருக்கிற நடுக்கத்தைப் பெருக்கிக் கைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். புது ஜாயிண்ட் போட்டதும் குறைந்த மாதிரி இருந்தது மனப்பிரமை இல்லை. ஆனால் மூலத்தை விட்டுவிட்டு இதை மாற்றினால் புதுசும் சீக்கிரமே லொடலொடக்கும்.

15 ஜனவரி

வேறொருவர் கேட்கிறார், நைட்ரஜன் அடித்தால் நடுக்கம் குறையுமா என்று. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மீதியையும் அதையே நிரப்புவதால் டயர் வட்டமாகிவிடாது.

17 ஜனவரி, மாலை

கேட்டவர் முன்னும் பின்னும் சக்கரம் மாற்றிப் போட்டுவிட்டார், பாராட்ட வேண்டும். விளைவுதான் குழப்பம். ஸ்டீயரிங் ஆட்டம் குறைந்தது, போகவில்லை. சீட்டில் அதிகமானது. அதோடு, "விட்டு விட்டு வருகிறது, கொஞ்ச நேரம் பலமாக ஆடி, தானாக அடங்கி, மறுபடி வருகிறது, வேகம் மாறவே இல்லை" என்கிறார்.

13ஆம் தேதி நான் அடித்துச் சொன்னது தப்பு என்று இப்போதே ஒப்புக்கொள்கிறேன். ஸ்டீயரிங் என்றால் முன்னால், சீட் என்றால் பின்னால் என்பது நல்ல ஊகம், சட்டம் இல்லை. பின்சக்கர உதை பாடி வழியாக ஸ்டீயரிங் கம்பம் வரை வரும், முன்சக்கர உதையும் தரை வழியாகச் சீட்டுக்கு வரும். முக்கியமாக, கெட்டது ஒரு சக்கரம்தான் என்று யார் சொன்னது?

இந்த "விட்டு விட்டு" என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம், கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சக்கரங்களில் கோளாறு இருக்கிறது என்று வையுங்கள். இரண்டும் ஒரே காரில் ஓடினாலும் ஒரே அளவு இல்லை. ஒன்றில் காற்று கொஞ்சம் குறைவு, ஒன்று சற்று அதிகம் தேய்ந்தது. சுற்றளவில் அரை சதவீதம் வித்தியாசம் என்றால், ஒன்று 200 சுற்று சுற்றும்போது மற்றது 201 சுற்று சுற்றியிருக்கும். இரண்டும் ஒரே சமயத்தில் மேல்நோக்கி உதைக்கும்போது ஆட்டம் கூட்டலாகும். 100 சுற்று கழித்து ஒன்று மேலே உதைக்கும்போது மற்றது கீழே உதைக்கும், கழித்தலாகிவிடும். 200 சுற்று என்பது 400 மீட்டர், 100 கி.மீ. வேகத்தில் 14 நொடிக்குக் கொஞ்சம் மேல். ஆக ஆட்டம் 14 நொடிக்கு ஒருமுறை பெருகிப் பெருகி வடியும். தவில்காரர்கள் இரண்டு பேர் சற்றே வெவ்வேறு காலத்தில் ஒரே அடியை அடித்துக்கொண்டே போனால் எப்படிச் சேர்ந்து பிரியுமோ அப்படி.

இன்னொன்று. வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடுகிறது. இடம் வலம் சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் என்றால், 90 டிகிரி வளைவு ஒன்றில் வெளிச்சக்கரம் சுமார் 2.36 மீட்டர் கூடுதலாக ஓடும், அதாவது ஒரு சுற்றுக்கும் கொஞ்சம் மேல். எனவே ஒவ்வொரு வளைவுக்கும் பிறகு இரண்டு சக்கரங்களின் சேர்மானம் மாறிவிடும். "நேற்று பயங்கரமாக ஆடியது, இன்று மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்தால் சாதுவாகப் போகிறது" என்பதற்கு வண்டியின் குறும்பு காரணமில்லை.

பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து ஒரு பெருக்கத்துக்கும் அடுத்த பெருக்கத்துக்கும் இடையே நொடியை எண்ணச் சொல்லுங்கள். ஓட்டுபவர் எண்ண வேண்டாம்.

17 ஜனவரி, சற்று நேரம் கழித்து

எண்ணுவது பற்றி ஒரு கிளைக்கதை. நான் முதன்முதலில் இதைச் செய்தபோது என் மனைவியை எண்ணச் சொன்னேன். அவள் பதினொன்று வரை எண்ணிவிட்டு "இப்ப ஆடுதா, நீங்க ஆட்டறீங்களா?" என்றாள். அந்தக் கேள்வியிலும் விஷயம் இருக்கிறது. ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தால் நடுக்கம் அமுங்கிப்போகும், தளர்வாகப் பிடித்தால்தான் தெரியும். இரண்டு விரல் அளவுக்குத் தளர்வு, கை மட்டும் எடுக்கக் கூடாது.

19 ஜனவரி

ஃபோனை வைத்து அளக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அளக்கலாம். அதிர்வைப் பிரித்து அலைவெண்ணாகக் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஃபோனை சீட் தண்டவாளத்திலோ இரண்டு சீட்டுக்கு நடுவிலோ இறுக்கமாக வையுங்கள், பஞ்சு மேல் வைத்தால் பஞ்சைத்தான் அளக்கும். சீரான 100ல் 14 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 14 அதிர்வு) அருகே முகடு தெரிந்தால் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு உதை: எடைக் கோளாறு, அல்லது மையம் தப்பி உட்கார்ந்த சக்கரம். 28ல் தெரிந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு உதை, டயரோ ரிம்மோ முட்டை வடிவமாகியிருக்கலாம். பேலன்சிங் மெஷின் இந்த இரண்டாவதைப் பிடிக்காது, முட்டையையும் பேலன்ஸ் செய்துவிட முடியும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

42ல் தெரிந்தால் கவனம். சக்கரத்தின் மூன்று மடங்கு 42, மூன்று உருளை உள்ள சிவி ஜாயிண்டுக்குப் பொருந்தும். ஆனால் டாப் கியரில் இஞ்சின் 2500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 2500 சுற்று) ஓடினால் அதுவும் நொடிக்கு 41.7 சுற்று. இரண்டும் ஒரே இடத்தில் வந்து உட்காரும். பிரிக்க வழி எளிது: அதே வேகத்தில் ஒரு கியர் குறையுங்கள். முகடு நகர்ந்தால் இஞ்சின், நகராவிட்டால் சக்கரப் பக்கம்.

19 ஜனவரி, இரவு

ஃபோன் பற்றிப் பெருமையாக எழுதிவிட்டு, நான் அசடு வழிந்ததை மறைப்பானேன். என் பழைய ஃபோன் நொடிக்கு 100 தடவைதான் அளக்கும். 17 ஹெர்ட்ஸில் ஒரு முகடு கண்டு இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன், எந்தச் சக்கரக் கணக்குக்கும் அது ஒத்துவரவில்லை. விசித்திரம் என்னவென்றால், வேகத்தைக் கூட்டினால் முகடு கீழே இறங்கியது. அப்போதே விழித்திருக்க வேண்டும். நான்கு சிலிண்டர் இஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு உதை கொடுக்கும், 2500 ஆர்பிஎம்மில் அது 83 ஹெர்ட்ஸ். நொடிக்கு 100 தடவை அளக்கிற கருவி 50க்கு மேல் உள்ளதை நேராகப் பார்க்க முடியாது, அதை மடித்துக் கீழே காட்டிவிடும்: 100லிருந்து 83 போக 17. இல்லாத வியாதியை இருப்பதாகக் காட்டிய முகடு அது. சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரியுமே, அதே கண்கட்டு.

22 ஜனவரி, காலை

கேட்டவர் மறுபடி பேலன்சிங் போயிருக்கிறார். மெஷின் நான்கிலும் பூஜ்யம் காட்டியதாம், ஆட்டம் அப்படியே இருக்கிறதாம். "மெஷின் பொய் சொல்லுமா?"

மெஷின் பொய் சொல்லாது, தன் தண்டில் சக்கரம் எப்படி உட்கார்ந்திருக்கிறதோ அதைத்தான் சொல்லும். சக்கரத்தைத் தண்டின் நடுவில் நிறுத்தும் கூம்பு சரியாக உட்காராமல் சக்கரம் ஒரு மயிரிழை கோணலாக நின்றால், அந்தக் கோணலைப் பேலன்ஸ் செய்து பூஜ்யம் காட்டிவிடும். காரில் மாட்டினால் கோணல் வேறு, கணக்கு வேறு. சோதிப்பது சுலபம், வேலை செய்பவரிடம் தன்மையாகக் கேளுங்கள்: பூஜ்யம் வந்தபின் சக்கரத்தைத் தளர்த்தி, தண்டில் அரைவட்டம் திருப்பி மறுபடி மாட்டி ஓட்டுங்கள் அண்ணே என்று. அப்போதும் பூஜ்யம் அல்லது 5 கிராமுக்குள் என்றால் நம்பலாம். 20, 25 என்று காட்டினால் முதலில் வந்த பூஜ்யத்துக்கு அர்த்தமில்லை. நான் கேட்ட இடத்தில் முதலில் முறைத்தார், இரண்டாவது ஓட்டத்தில் 30 வந்ததும் அவரே கூம்பைத் துடைத்து உள்பக்கத்திலிருந்து மாட்டினார். அதற்கப்புறம் சிநேகமாகிவிட்டோம்.

சமப்படுத்த ரிம்மில் ஒட்டியிருக்கும் பழைய எடையைப் பிடுங்காமல் அதன் மேலேயே புது எடை ஒட்டுவதையும் கவனியுங்கள். ஒரு ரிம்மின் ஒரே பக்கத்தில் எதிரெதிராக எடை ஒட்டியிருந்தால் அவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளத்தான் ஒட்டப்பட்டிருக்கின்றன.

உருளையை டயர் மேல் அழுத்திச் சுமையோடு சுற்றிப் பார்க்கிற மெஷின் எங்காவது இருந்தால் அங்கே போங்கள். டயரின் சுவர் ஒரு இடத்தில் விறைப்பாகவும் ஒரு இடத்தில் இளக்கமாகவும் இருந்தால் அது ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

22 ஜனவரி

புது டயரில் சிவப்புப் புள்ளி, மஞ்சள் புள்ளி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் பொதுவாக டயரின் லேசான இடம், அதை ரிம்மின் வால்வுக்கு நேராக வைப்பார்கள், வால்வு இருக்கும் இடம் கொஞ்சம் கனம் என்பதால். சிவப்பு, டயர் உருளும்போது விசை அதிகமான இடம், ரிம்மில் தாழ்ந்த இடத்துக்குக் குறி இருந்தால் அதற்கு நேராக. சில கம்பெனிகள் ஒன்றுமே போடுவதில்லை.

24 ஜனவரி, இரவு 11

இன்று கேட்டவர் போகிறபோக்கில் ஒரு வரி போட்டிருக்கிறார்: "ரிம் கம்பெனியில் வந்தது இல்லை, போன வருடம் வெளியே வாங்கிப் போட்ட அலாய்."

ஐயா! பன்னிரண்டு நாளாக டயர், டிஸ்க், சிவி ஜாயிண்ட் என்று சுற்றி வருகிறோம். இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா? தப்பு என் மேலும் உண்டு. வண்டியில் எதை மாற்றினீர்கள் என்று முதல் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டியவன் நான், பிரேக்கைப் பற்றிக் கேட்டுவிட்டு மேதாவி மாதிரி ஊஞ்சல் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

விஷயம் இது. வெளியே விற்கும் அலாய் பல கார்களுக்குப் பொருந்த வேண்டும் என்பதால் நடு ஓட்டையைப் பெரிதாக வைத்திருப்பார்கள், 73.1 மி.மீ. வழக்கமான ஒரு அளவு. சின்னக் கார்கள் பலவற்றில் ஹப்பின் மூக்கு 54.1 மி.மீ. நடுவில் உள்ள இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் வேண்டும், பிளாஸ்டிக்கோ அலுமினியமோ. வளையம் இல்லை என்றால் சக்கரத்தை மையத்தில் நிறுத்துவது நட்டுகளின் கூம்பு முனை மட்டும்தான். சக்கரம் தரையில் பாரம் தாங்கி நிற்கும்போது ஒரு நட்டை முழுசாக முறுக்கிவிட்டால், அது மையம் தப்பிய இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். மெஷினில் பூஜ்யம், காரில் ஆட்டம், கழற்றி மாட்டும்போதெல்லாம் ஆட்டத்தின் குணம் மாறுவது, எல்லாம் ஒத்துப்போகிறது. முன்னும் பின்னும் மாற்றியபோது குழப்பமான விடை வந்ததும் இதனால்தான் இருக்கும்: நாம் சக்கரத்தை மட்டும் மாற்றவில்லை, நான்கையும் புதிதாக வேறு வேறு கோணலில் மாட்டிவிட்டோம்.

நாளைக்குச் செய்ய வேண்டியது: நான்கையும் கழற்றி வளையம் இருக்கிறதா பாருங்கள். ஹப்பின் முகத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேயுங்கள், ரிம் உட்காரும் இடத்தையும். ஒரு செதில் துரு போதும் சக்கரத்தைக் கோணலாக்க. மாட்டும்போது சக்கரம் அந்தரத்தில் இருக்க, நட்டுகளைக் கையாலேயே எதிரெதிராக முறுக்கி உட்கார வையுங்கள், பிறகு ஸ்பேனரால் லேசாக. தரையில் இறக்கியபின் முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு, சின்னக் கார் என்றால் அநேகமாக 100 நியூட்டன் மீட்டர் பக்கம். ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதிக்க வேண்டாம். நட்டுகளைக் கன்னாபின்னாவென்று ஏற்றத்தாழ்வாக இறுக்கினால் டிஸ்க்கே லேசாகக் கோணிக்கொள்ளும். அது சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் பேடை ஒரே இடத்தில் உரசி, நாளடைவில் தடிப்பு வித்தியாசம் உண்டாகி, அப்போது நிஜமாகவே டிஸ்க் மாற்ற வேண்டி வரும்.

26 ஜனவரி, மாலை

வளையம் இரண்டு சக்கரத்தில் இருந்தது. ஒன்றில் இல்லவே இல்லை. இன்னொன்றில் உடைந்து பாதி மட்டும், அந்தப் பாதியும் பக்கவாட்டில் செருகி நசுங்கியிருந்ததாம்.

நான்கு புது வளையம், துரு தேய்ப்பு, அந்தரத்தில் முறுக்கல். ஆட்டம் "முக்கால்வாசி போயிற்று". கால்வாசி இருக்கிறது, 100லிருந்து 105 வரை, ஸ்டீயரிங்கில் மட்டும். விட்டு விட்டு வருவது நின்றுவிட்டது. அப்படியென்றால் மிச்சமிருப்பது ஒரே ஒரு சக்கரம் என்று பந்தயம் கட்டுவேன். (எதைக் கட்டுவேன் என்று சொல்ல மாட்டேன், 13ஆம் தேதி நினைவிருக்கிறது.)

முன்சக்கரம் ஒவ்வொன்றாக ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கட்டையோ செங்கலோ வைத்து அதன்மேல் ஸ்க்ரூடிரைவரைக் கிடத்தி, முனை டயரின் நடுப் பட்டையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு இடத்தில் உரசி இன்னொரு இடத்தில் ஒன்றரை, இரண்டு மி.மீ. விலகினால் டயர் வட்டமாக இல்லை. அடுத்து முனையை ரிம்மின் விளிம்புக்குக் கொண்டுபோய் அதே சோதனை. ரிம்மும் சேர்ந்து ஏறி இறங்கினால் ரிம் வளைந்திருக்கிறது. ரிம் சமம், டயர் மட்டும் ஏறி இறங்குகிறது என்றால் டயர்.

26 ஜனவரி, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன், இது விளையாட்டு இல்லை. டயரைச் சுற்றும்போது ஏதாவது ஒரு இடத்தில் பட்டை கொப்புளம் மாதிரி புடைத்திருந்தாலோ, பட்டையின் கோடு ஓரிடத்தில் பாம்பு மாதிரி நெளிந்து போனாலோ, உள்ளே இரும்புப் பட்டி விலகுகிறது என்று அர்த்தம். இந்த ஆட்டம் பெரும்பாலும் 30, 40 வேகத்திலேயே ஸ்டீயரிங்கை மெல்ல இடம் வலம் அசைக்கும், நாளுக்கு நாள் கூடும். பேலன்சிங் கீலன்சிங் என்று போக வேண்டாம், ஸ்டெப்னியை மாட்டிவிட்டு அந்த டயரைத் தூக்கிப் போடுங்கள். வேகத்தில் வெடித்தால் வண்டி நம் கையில் இருக்காது.

டயரின் பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளுக்குப் பின்னால் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. அதையும் பார்த்துவிடுங்கள்.

29 ஜனவரி

இடதுமுன் டயர். ஸ்க்ரூடிரைவர் முனையிலிருந்து ஓரிடத்தில் இரண்டு மி.மீ. விலகல், ரிம் சமம். கொப்புளம் இல்லை, நெளிவு இல்லை. ரிம்மின் மேல் டயரை அரைவட்டம் திருப்பி மாட்டிப் பாருங்கள் என்றேன். சில சமயம் டயரின் மேடும் ரிம்மின் கண்ணுக்குத் தெரியாத சின்ன மேடும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கும், பிரித்துவிட்டால் ஒன்றையொன்று ஈடு செய்யும். திருப்பினார். இரண்டு மி.மீ. ஒன்றானது. அந்தச் சக்கரத்தையும் பின்னால் தள்ளிவிட்டார்.

2 பிப்ரவரி

என் சொந்தக் கார் இன்று காலை ஆடியது! மூன்று வாரம் வெளியே எடுக்கவில்லை, 60லேயே தடதட. இவ்வளவு எழுதியவனுக்கு இது தேவைதான் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். 20 கி.மீ. போனதும் காணோம். நின்ற இடத்திலேயே டயர் அடிப்பக்கம் தட்டையாகியிருந்தது, சூடேறியதும் வட்டமாகிவிட்டது. கருவிப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

6 பிப்ரவரி

கேட்டவர் 300 கி.மீ. போய்வந்து எழுதியிருக்கிறார். 105ல் ஸ்டீயரிங் சும்மா இருக்கிறது. சீட்டில் ஏதோ இருப்பது போல் அவருக்குத் தோன்றுகிறது, உடன் வந்தவர்களுக்குத் தெரியவில்லை. அந்த டயர் இன்னும் ஒரு வருடம் ஓடும், விடுங்கள். டிஸ்க் அதே பழைய டிஸ்க்.

இப்போது வண்டி அமைதியாகிவிட்டதால் இடதுபின் கதவிலிருந்து கிரீச் கிரீச் என்று ஒரு சத்தம் கேட்கிறதாம், அதற்கு என்ன செய்வது என்கிறார். ஓடும்போது பின்னால் உட்காருபவரைக் கதவின் ரப்பரைக் கையால் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். நின்றால் ரப்பர். நிற்காவிட்டால் எழுதுங்கள், கதவில் எதையாவது வெளியே வாங்கிப் போட்டிருந்தால் அதை முதலில் எழுதுங்கள்.